லைவ் ஆல்பம் என்றால் என்ன? 'லைவ் அட் லீட்ஸ்' இசைத்தட்டில் ஏன் கரகர சத்தம்?

கூட்டத்தின் முன்னால் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து வெளியிட்டால் அதுதான் லைவ் ஆல்பம். 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' இதற்கு அருமையான உதாரணம். 1970 பிப்ரவரி 14 அன்று, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சாப்பிடும் கூடத்தில் பதிவானது!

ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதியலாம். பிசகினால் திரும்ப வாசிக்கலாம். மேடையில் அந்த வசதி இல்லை. ஒரு கிதார், ஒரு பேஸ், டிரம்ஸ், குரல், கூட்டத்தின் ஆரவாரம் எல்லாம் ஒரே மூச்சில் பதிவாகிவிடும். ஸ்டுடியோவில் தலைவாரி நின்று எடுத்த போட்டோவுக்கும் கல்யாணப் பந்தியில் சட்டென்று எடுத்த போட்டோவுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இரண்டாவதில் யாரோ ஒருவரின் முழங்கை குறுக்கே வரும். ஆனால் உயிர் அதில்தான் இருக்கும்.

சரி, அந்தக் கரகர? பதிவிலேயே விழுந்த சத்தம் அது. 'கரகரப்பு இருக்கட்டும், சரிசெய்ய வேண்டாம்' என்ற பொருளில் இசைத்தட்டின் லேபிளிலேயே எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும். 1995 மறுவெளியீட்டில் கணினி உதவியால் அதை நீக்கினார்கள்.

அப்புறம், லைவ் ஆல்பம் என்றால் முழுக் கச்சேரியும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1970 இசைத்தட்டில் இருந்தவை வெறும் 6 பாடல்கள்தான்.