ஹால் பெருசா இருந்தா போதுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்துல அப்பா விட்டுட்டுப் போன 1 கிரவுண்ட் (2400 சதுர அடி) மனை இருக்கு சார். கீழ பார்க்கிங் விட்டு நாலு ஃபிளாட் கட்டி, மூணை வித்துட்டு ஒண்ணுல நாங்க இருக்கலாம்னு பிளான். இன்ஜினியர் ஓப்பன் கிச்சன், பெரிய ஹால்னு வரைஞ்சு குடுத்திருக்கார். இப்ப வாங்க வர்றவங்க இதத்தான் கேக்கறாங்களா?

பதில்: கேக்கறாங்க தம்பி, ஆனா அது ரெண்டாவது கேள்வி. உங்க ஏரியாவுல முதல் கேள்வி "மழைல இங்க தண்ணி நிக்குமா?"ங்கறதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பாத்தவங்க சும்மா விடமாட்டாங்க, தெரு முனைல இருக்கற இஸ்திரி கடைக்காரர்கிட்டயே போய் விசாரிச்சுட்டுதான் உங்ககிட்ட வருவாங்க. கீழ பார்க்கிங் விடறது சரி, ஆனா அந்த பார்க்கிங்ல இடுப்பு உயரத்துல ஈபி மீட்டர் போர்டை மாட்டிட்டு, தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி, அதான் சம்ப், அதோட மூடியை தரையோட தரையா வச்சா என்ன புண்ணியம்? டிரெய்னேஜ் தண்ணி சம்புக்குள்ள இறங்கிடுச்சுன்னா மழை விட்டும் ஒரு வாரம் கேன் தண்ணிதான். மூடியை ரெண்டடி தூக்கிக் கட்டுங்க, போர்டை ஆள் உயரத்துக்கு மேல ஏத்துங்க. செலவு ஒண்ணும் பெருசில்ல, வர்றவங்ககிட்ட முதல்ல இதையே காட்டுங்க.

ஓப்பன் கிச்சன் போட்டோவுக்கு நல்லாருக்கும், ஆனா வஞ்சிரம் வறுத்த அன்னிக்கு சோபாவுக்கும் அந்த வாசனைதான். நடுவுல ஒரு ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு போட்டா ரெண்டு கட்சியும் சமாதானம். ஹால்ல கொஞ்சம் கிள்ளி, ஜன்னலும் கதவும் வச்சு ஆறுக்கு ஏழுல ஒரு குட்டி ரூம் எடுங்க, வீட்ல இருந்து வேலை பாக்கறவங்களுக்கு அதுதான் இப்ப மாஸ்டர் பெட்ரூம் மாதிரி. யுடிலிட்டியை மட்டும் குறைச்சிடாதீங்க, வாஷிங் மிஷினை வச்சதுக்கப்புறம் பாத்திரம் தேய்க்கற அக்கா உக்கார இடமில்லாத வீடு எத்தனையோ பாத்துட்டேன்.

இன்னொண்ணு, பாத்ரூம் கதவு. ரெண்டரை அடில போட்டு முடிச்சிடறாங்க, அதுல நிலையோட கனம் போக மிஞ்சறது எவ்வளவுன்னு யாரும் டேப் வச்சு பாக்கறதில்ல. எங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி வாக்கரோட வந்தப்போ அது நிலைல இடிச்சு நின்னுடுச்சு, தினமும் அதைச் சாய்ச்சு சாய்ச்சு உள்ள கொண்டு போனோம். அந்த வீட்டுக்கு பிளான் போட்டது நான்தான்! அன்னிலேர்ந்து யார் வீடா இருந்தாலும் ஒரு பாத்ரூமுக்காவது மூணடி கதவு, வாசப்படி மேடே இல்லாம. பெத்தவங்களைக் கூட வச்சுக்கணும்னு வீடு தேடறவங்க இதைப் பாத்தா அங்கயே நின்னுடுவாங்க.

கேள்வி: பெரம்பூர்ல 1000 சதுர அடின்னு காட்டின ஃபிளாட் உள்ள போனா தீப்பெட்டி மாதிரி இருக்கு. ஏமாத்தறாங்களா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாதும்மா. அந்த 1000ல படிக்கட்டு, லிஃப்ட், வராண்டான்னு எல்லாத்துலயும் உங்க பங்கும் வெளிச்சுவர் கனமும் சேர்ந்திருக்கும். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016லயே வந்தாச்சு, அதுல சொல்ற கார்ப்பெட் ஏரியான்னா வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, உள்சுவர் சேரும். அந்த நம்பர் எவ்வளவுன்னு கேளுங்க, கூடவே யுடிஎஸ், அதாவது மனைல உங்களுக்குச் சேர்ற பிரிக்காத பங்கு, எவ்வளவு வருதுன்னும் கேளுங்க, உங்க பேருக்கு வர்ற மண் அதுதான். அப்புறம் டேப் எடுத்துட்டுப் போங்க. பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சடி கட்டிலும் உங்க பீரோவும் போட்டு, பீரோ கதவு முழுசா திறக்குதான்னு தரைல சாக்பீஸால கோடு போட்டுப் பாருங்க, சேல்ஸ் பையன் சிரிச்சா சிரிக்கட்டும்.

கேள்வி: மேற்கு பாத்த மனை, வாஸ்து சரியில்லன்னு மாமியார் வேணாங்கறாங்க.

பதில்: வாஸ்துல நான் தலையிடல, மாமியார்கிட்டயும்தான். எனக்குத் தெரிஞ்சது வெயில். மேற்குச் சுவர் சாயங்காலம் வரைக்கும் வாங்கின சூட்டை ராத்திரி வீட்டுக்குள்ள விடும், அதனால அந்தப் பக்கம் படிக்கட்டு, பாத்ரூம்னு தள்ளிட்டு பெட்ரூமை தென்கிழக்குல வைங்க, சென்னைல மதியத்துக்கு மேல கடல் காத்து அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வரும். பூஜை ரூமை எங்க வைக்கறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.