ஜன்னலோர இருக்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 24. ஊர் கம்பம். குமுளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏலக்காயும் மிளகும் விற்கும் கடையில் வேலை. பதினாறு வயதில் வந்த முகப்பரு இன்னும் போகவில்லை. இடது கன்னமும் தாடையும்தான் மோசம். அதனால் காலை பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால்தான் ஏறுவேன். பரு உள்ள கன்னம் மலைப் பக்கம் இருக்கும். பக்கத்தில் உட்காருபவர் கண்ணில் நல்ல கன்னம் மட்டும் படும். ஜன்னல் இல்லையென்றால் அடுத்த பஸ். தாமதமாகப் போய் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

கொரோனா காலத்து முகக்கவசத்தை நான் மட்டும் இன்னும் கழற்றவில்லை. அது கொஞ்சம் இறங்கினால் போதும், கடைக்கு வரும் மலையாளிப் பெண்கள் "முகக்குருவா?" என்று கேட்டு ரக்தசந்தனம் பூசச் சொல்கிறார்கள். ஊரிலோ ஜாதிக்காய் உரசிப் போடு, சூட்டு உடம்பு, பலகாரம் தொடாதே என்கிறார்கள். மருந்துக் கடையில் கொடுத்த ஒரு கிரீம் பத்தே நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கியது. நிறுத்தினால் எரிச்சலோடு முன்னைவிட அதிகமாகக் கிளம்புகிறது. ஒன்றரை வருடமாக விட முடியவில்லை.

தோழி கல்யாணத்துக்குப் போகவில்லை. பரு போன பிறகு வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது அவள் பேசுவதில்லை. பரு போன பிறகு போட்டோ எடுத்துத் தரகரிடம் கொடுக்கலாம் என்கிறார் என் அம்மா. பில் போடும் மேசைக்கு வா என்று முதலாளி கூப்பிட்டார். பரு போன பிறகு வருகிறேன் என்றேன். ஏலக்காய் பிரிப்பதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது. சல்லடை இல்லாமலே எட்டு மில்லிமீட்டர் காயை விரல் நுனியால் சொல்லிவிடுவேன்.

இரவில் கண்ணாடி முன் நின்று பருக்களைக் கிள்ளி, ரத்தம் வந்த பிறகுதான் படுக்கிறேன். சில நாள் காலையில் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. வெறும் பருவுக்கு இப்படியா என்று வெட்கமாகவும் இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்பு மகளுக்கு,

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை முதலில் எடுக்கிறேன். விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுவதை என்னிடம் எழுதிவிட்டாய். வீட்டிலும் ஒருவரிடம் இன்றே சொல். அந்த எண்ணம் அழுத்தும் இரவில் பொழுது விடியட்டும் என்று காத்திராதே, 14416ஐ அழை. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

'வெறும் பரு' என்கிறாய். 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், பரு என்று மருத்துவர் பதிவுசெய்த முதல் ஆண்டில் மனச்சோர்வுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. நீயோ எட்டு வருடமாகச் சுமக்கிறாய்.

நான் தோல் மருத்துவர் அல்ல. ஆனாலும் அந்த கிரீமைப் பற்றிப் படித்ததும் ஸ்டீராய்டாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உடனே வெளுப்பது, நிறுத்தினால் எரிவது, விட முடியாமல் போவது எல்லாம் அதன் குணம். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கையில் கொடுத்தவர் மீது எனக்குக் கோபம்தான். அந்த டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போ. மனநலப் பிரிவும் அங்கேயே இருக்கிறது, இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். மாதவிடாய் தவறுகிறதா என்பதையும் சொல். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை எழுதினால், கல்யாணப் பேச்சு நடப்பதையும் மனம் சோர்ந்திருப்பதையும் மறைக்காதே. அதைச் சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையும் கருத்தரிக்கக் கூடாது. எந்த மருந்தும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பரு அடங்கினாலும் நம் நிறத்தில் கரும்புள்ளி பல மாதம் தங்கும்.

அதனால்தான் 'பரு போன பிறகு' எனக்கு உறுத்துகிறது. மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய்: தோழி, போட்டோ, பில் மேசை. மூன்றையும் ஒரு கன்னத்தின் கையில் ஒப்படைத்துவிட்டாய். தோழியை இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார். கல்யாணத்துக்கு வராத காரணத்தை உள்ளபடியே சொல். அலட்சியம் என்று நினைத்துத்தான் கோபித்திருப்பாள். போட்டோவுக்கு அவசரமில்லை. உன் அம்மா உன்னைப் பாதுகாப்பதாக எண்ணித்தான் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல் உனக்குள் எப்படி இறங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடு.

கண்ணாடி முன் கிள்ளுவதை மன உறுதியால் மட்டும் நிறுத்த முடியாது. உன் விரல் நுனி காயின் பருமனைத் தடவிப் பார்த்தே பழகியது. பகலில் பிழைப்பாக இருக்கும் அதே பழக்கம் இரவில் கன்னத்தைப் புண்ணாக்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் கண்ணாடிக்குத் துணி போடு, நகத்தை ஒட்ட வெட்டு, அந்த நேரத்தில் பூக்கட்டவோ கீரை ஆயவோ உட்கார்.

பஸ்ஸில் ஒரே ஒரு நாள் ஜன்னலோரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடு. ஏறும் முன், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று நீ பயப்படுவதைக் காகிதத்தில் எழுதி வை. குமுளியில் இறங்கியதும் அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை அதன் கீழே எழுது. தூங்கி வழிந்தாரா, செல்போனில் சண்டை போட்டாரா, உன்னைத்தான் பார்த்தாரா? அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்பு. முகக்கவசத்தைப் பற்றி அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அம்மா