சொத்து மதிப்பீட்டாளர் ஆவது எப்படி?

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்து ஆறு வருடம் சைட்டில் வேலை பார்த்தேன். பிறகு பி.இ. சிவில் முடித்து இரண்டு வருடமாகிறது. நிலம், கட்டடத்துக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாமா? – வாசகர், திண்டுக்கல்.

பதில்: ஆகலாம் தம்பி, ஆனால் இன்னும் மூன்று வருடம் பொறுக்க வேண்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டம் வாங்கிய பிறகான அனுபவம் ஐந்து ஆண்டு வேண்டும். டிப்ளமோவோடு பார்த்த ஆறு வருடம் கணக்கில் வராது. எனக்கும் வருத்தம்தான்; செங்கல்லும் சிமென்டும் கைக்குப் பழகியது அந்த வருடங்களில்தானே! முதுகலை படித்தால், அதன்பின் மூன்று ஆண்டு அனுபவம் போதும்.

மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, 50 மணி நேர வகுப்பு முடித்து, ஐ.பி.பி.ஐ. (மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்யும் இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம்) தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், ஊகித்து எழுதாதீர்கள்.

பதிவு கிடைத்தாலும் வங்கி தன் பட்டியலில் தனியாகத்தான் சேர்க்கும். அதுவரை அனுபவமுள்ள ஒருவரோடு போய், பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை நிலத்தில் நின்று சரிபார்த்துப் பழகுங்கள். இருபது வருடமாக நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.