லைட் ரோஸ்ட் பொடியை ஃபில்டர்ல போட்டா காபி ஏன் புளிக்குது?

திருச்சியிலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "வழக்கமா கடையில 80:20 பொடி அரைச்சு வாங்குவோம். ஆசைப்பட்டு ஆன்லைன்ல சிக்மகளூர் எஸ்டேட் அராபிகா, லைட் ரோஸ்ட், சிக்கரி இல்லாதது கால் கிலோ ஆர்டர் பண்ணேன், அரைக்கற ஆப்ஷன்ல ஃபில்டர்னு போட்டேன். எப்பவும் போல பித்தளை ஃபில்டர்ல 3 ஸ்பூன் போட்டு வெந்நீர் ஊத்தினா 5 நிமிஷத்துல டீத்தண்ணி மாதிரி கடகடன்னு இறங்கிடுச்சு, பால் ஊத்தினா கலரே வரல, வாயில வச்சா லேசா புளிப்பு. மாமியார் ஒரு வாய் குடிச்சுட்டு டபராவை நகர்த்தி வச்சுட்டாங்க. பொடி பழசா, ஏமாத்திட்டாங்களா? டார்க் ரோஸ்ட் வாங்கியிருந்தா ஸ்ட்ராங்கா இருந்திருக்குமா?"

ஏமாத்தலைங்க. பொடி நல்ல பொடியாத்தான் இருக்கணும், ஆனா உங்க ஃபில்டருக்கும் உங்க பாலுக்கும் அது செட் ஆகல, அதுல பாதி தப்பு அந்த "ஃபில்டர்"ங்கற வார்த்தையில இருக்கு, அதுக்கு கடைசியில வர்றேன். முதல்ல வறுக்கும்போது உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவை எந்த பாக்கெட்டை பார்த்தாலும் நீங்களே முடிவு பண்ணிடலாம்.

இட்லிப்பொடிக்கு உளுந்து வறுப்பீங்கல்ல, அதே கதைதான். அடுப்புலேர்ந்து சீக்கிரம் இறக்கிட்டா பச்சை வாசனை, செவக்க வறுத்தா வீடே மணக்கும், அப்பத்தான் காலிங் பெல் அடிக்கும், போய் கதவைத் திறந்துட்டு வர்றதுக்குள்ள கருகி கசந்துடும். காபிக்கொட்டையும் அப்படித்தான், என்ன ஒண்ணு, இதுல "செவந்தது"க்கும் "கருகினது"க்கும் நடுவுல நின்னு ரசிக்க இன்னும் நாலஞ்சு ஸ்டாப்பிங் இருக்கு.

காபிக்கொட்டை வறுக்கறதுதான் என் தொழில், நான் தினம் பார்க்கறதை சொல்றேன். பச்சைக்கொட்டை ஒரு மாதிரி சாம்பல் கலந்த பச்சையா இருக்கும், கல்லு மாதிரி கெட்டி, உள்ள 10லேர்ந்து 12 சதவீதம் ஈரம். சூடான ட்ரம்ல கொட்டினதும் முதல் நாலஞ்சு நிமிஷம் ஒண்ணுமே நடக்கற மாதிரி தெரியாது, நனைஞ்ச வைக்கோல் வாசனைதான் வரும், புதுசா வேலைக்கு வர்ற பசங்க இதுவா காபின்னு மூக்கை சுளிப்பாங்க. 150 டிகிரி தாண்டும்போது மஞ்சளாகும், வாசனை பொட்டுக்கடலை, பிரெட் பக்கம் திரும்பும். அப்புறம் 196, 200 டிகிரி வாக்குல சோளப்பொரி பொரியற மாதிரி பட் பட்னு சத்தம். உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி கொட்டையை வெடிச்சுக்கிட்டு வெளிய வர்ற சத்தம் அது, ஃபர்ஸ்ட் கிராக்னு சொல்வோம். கொட்டை உப்பும், மேல இருக்கற சவ்வு உரிஞ்சு பறக்கும். இந்த சத்தம் அடங்கற நேரத்துல ட்ரம்மை திறந்து கொட்டினா அது லைட் ரோஸ்ட். உங்களுக்கு வந்தது இதுதான்.

இன்னும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டா மீடியம். அதுக்கும் மேல போனா 224, 225 வாக்குல ரெண்டாவது சத்தம் ஆரம்பிக்கும், இது முதல் சத்தம் மாதிரி கனமா இருக்காது, எண்ணெயில கடுகு பொரியற மாதிரி சின்னதா, வேகமா, சடசடன்னு வரும். கொட்டையோட நாரே உடையற சத்தம். இதுக்கு சித்த முன்னாடியோ முதல் நாலு சடசடப்புலயோ இறக்கினா மீடியம் டார்க், சடசடப்பு முழுக்க ஓடவிட்டா டார்க், அப்ப உள்ள இருக்கற எண்ணெய் மேல வந்து கொட்டை பளபளன்னு மினுங்கும். இந்த இடத்துல செகண்ட் கணக்குதான். ஒரு தடவை இதே நேரத்துல எனக்கு ஒரு போன் வந்துச்சு, பேசினது ஒரு நிமிஷம் கூட இருக்காது, திரும்பி பார்த்தா ட்ரம்லேர்ந்து நீலமா புகை. கரிக்கட்டை. 12 கிலோ. அன்னிலேர்ந்து ரோஸ்டர் பக்கத்துல போன் கிடையாது.

இப்ப ருசிக்கு வருவோம். காபிக்கொட்டை ஒரு பழத்தோட விதைங்கறதை நாம மறந்துடறோம். எலுமிச்சையில இருக்கற சிட்ரிக் ஆசிட், ஆப்பிள்ல இருக்கற மாலிக் ஆசிட் எல்லாம் அதுலயும் இருக்கு, அராபிகா பச்சைக்கொட்டையில 6லேர்ந்து 9 சதவீதம் சர்க்கரையும் இருக்கு. லைட் ரோஸ்ட்ல அந்த புளிப்பு நிறைய மிச்சம் இருக்கும், எந்த மலை, எந்த ரகம், பழத்தோட காய வச்சதா கழுவி காய வச்சதாங்கறது கூட நாக்குல தெரியும். வறுக்க வறுக்க அந்த ஆசிட் உடையும், சர்க்கரை தீய ஆரம்பிச்சு கேரமல், சாக்லேட், வறுத்த கடலை மாதிரி வாசனையா மாறும். வறுக்கறதுனால கசப்பும் கூடவே வரும், பச்சைக்கொட்டையில நிறைய இருக்கற குளோரோஜெனிக் ஆசிட் உடைஞ்சு மீடியம்ல ஒரு மிதமான கசப்பு, டார்க்ல தொண்டையில நிக்கற கடுங்கசப்பு. ரொம்ப டார்க் போயிட்டா ஏற்காடு கொட்டையும் குடகு கொட்டையும் ஒண்ணு போலத்தான் இருக்கும், நீங்க குடிக்கறது நெருப்போட ருசி, கொட்டையோட ருசி இல்ல. சுமாரான கொட்டையை நல்லா கருக்கி வித்தா யாருக்கும் தெரியாதுங்கறதுக்கு காரணமும் இதுதான், எங்க தொழில்ல இதை வெளிய சொல்ல மாட்டாங்க.

ஆனா இதை வச்சு "லைட் தான் உசத்தி, டார்க் குடிக்கறவனுக்கு ருசி தெரியாது"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. அவங்க பால் இல்லாம, சர்க்கரை இல்லாம குடிக்கறவங்க, அவங்களுக்கு அது சரி. நம்ம காபியில முக்கால் டம்ளர் கொதிச்ச பால் இருக்கு. பால்ல இருக்கற புரதம் காபியோட துவர்ப்பையும் கசப்பையும் பிடிச்சு அமுக்கிடும், கொழுப்பு நாக்குல படிஞ்சு மிச்சத்தை மூடிடும். லைட் ரோஸ்ட்ல இருக்கற பூ வாசனை, ஆரஞ்சு வாசனை எல்லாம் பாலுக்குள்ள காணாம போயிடும், தனியா மிஞ்சறது புளிப்பு மட்டும்தான், அதுவும் பாலோட சேர்ந்து தயிர் ஞாபகம் வரும். உங்க மாமியார் நாக்குல தப்பே இல்ல. பால் கொஞ்சம் பழசா இருந்தா லைட் ரோஸ்ட் டிகாக்ஷன் பட்டு திரிஞ்சே போகும், நல்லவேளை அது வரைக்கும் போகல. மீடியம் டார்க்ல இருக்கற கேரமல், சாக்லேட், அந்த லேசான கசப்பு இதெல்லாம் பாலை மீறி மேல வரும், பால்ல இருக்கற இயற்கையான இனிப்போட சேரும். அதனால பால் காபிக்கு ரெண்டாவது சத்தம் ஆரம்பிக்கற இடத்தை ஒட்டி இறக்கினதுதான் என்னோட கணக்கு, எங்க வீட்லயும் அதுதான்.

அடுத்து "ஸ்ட்ராங்". இந்த ஒரு வார்த்தையில நாம நாலு விஷயத்தை போட்டு குழப்பிக்கறோம். கருப்பா இருக்கறது, கசக்கறது, கெட்டியா இருக்கறது, குடிச்சா கிர்ருனு ஏறறது, நாலும் வேற வேற. கருப்பும் கசப்பும் மட்டும்தான் ரோஸ்ட்டால வர்றது. கிர்ருனு ஏத்தற கஃபீன் வறுக்கறதுல பெருசா குறையறதும் இல்ல கூடறதும் இல்ல, எடை போட்டு எடுத்தா லைட்டும் டார்க்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஸ்பூன்ல அளந்தா லைட்ல ஒரு சொட்டு கூடவே இருக்கும், ஏன்னா டார்க் கொட்டை நல்லா உப்பி எடை இழந்து பொடி லேசா ஆயிடும். கிலோ பச்சைக்கொட்டை போட்டா லைட்ல 870, 880 கிராம் கைக்கு வரும், டார்க்ல 800, 820 தான் வரும், வறுக்கறவனுக்கு இது நேரா காசு. கிர்ருனு ஏறணும்னா ரொபஸ்டாங்கற இன்னொரு காபி வகையை சேர்க்கணும், அராபிகாவுல கஃபீன் 1.2 சதவீதம்னா ரொபஸ்டாவுல 2.2 வாக்குல, ஏறக்குறைய டபுள்.

கெட்டி எங்கேர்ந்து வருது? உங்க பழைய 80:20 பொடியில அந்த 20 சிக்கரி. சிக்கரி ஒரு கிழங்கு வேர், வறுத்து அரைக்கறது, அதுல கஃபீனே கிடையாது. ஆனா தண்ணியில காபியை விட நிறைய கரையும், கலரை கொட்டும், அதைவிட முக்கியம், தண்ணியை உறிஞ்சி ஊறி ஃபில்டர் ஓட்டையில தண்ணியை நிதானமா இறங்க வைக்கும். தண்ணி மெதுவா இறங்க இறங்க காபியும் நல்லா ஊறி இறங்கும். இத்தனை நாள் உங்க ஃபில்டர்ல பாதி வேலையை சிக்கரி செஞ்சிட்டு இருந்துச்சு, அதை திடீர்னு எடுத்துட்டீங்க. இதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, சட்டப்படியே 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி கலக்கலாம், எவ்வளவுன்னு பாக்கெட்ல போடணும், அவ்வளவுதான். 49 இருக்கற பாக்கெட்டை காபின்னு கூப்பிட எனக்கு மனசு வராது, 10, 15 இருந்தா சந்தோஷமா குடிப்பேன்.

இப்ப அந்த "ஃபில்டர்" சமாச்சாரம். இந்த மாதிரி ஸ்பெஷாலிட்டி காபி விக்கறவங்க ஃபில்டர்னு போட்டா பல இடத்துல பேப்பர் ஃபில்டர்னு அர்த்தம், கூம்பு மேல பேப்பர் வச்சு தண்ணி ஊத்தறது, அதுக்கு அரைக்கறது கொஞ்சம் கொரகொரன்னு ரவை பக்கமா இருக்கும். நம்ம பித்தளை ஃபில்டருக்கு சவுத் இந்தியன் ஃபில்டர்னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கும், அது ரவையை விட நைஸ். பொடியை ரெண்டு விரல்ல எடுத்து தேய்ச்சு பாருங்க, ரவை மாதிரியோ அதுக்கு மேலயோ நெருடினா அதுதான் விஷயம், 5 நிமிஷத்துல கடகடன்னு இறங்கினதுக்கு வேற காரணமே தேட வேணாம். இதுல லைட் ரோஸ்ட் வேற. லைட்ல கொட்டை அவ்வளவா உப்பாததால கெட்டியா இருக்கும், சத்து சீக்கிரம் இறங்காது. நைஸா அரைக்கணும், தண்ணி நல்லா கொதிக்கணும், அப்பத்தான் இறங்கும். சத்து சரியா இறங்காத காபியில முதல்ல கரையறது புளிப்புதான், இனிப்பும் கசப்பும் பின்னாடிதான் வரும், அதனால உங்க புளிப்புல பாதி ரோஸ்ட்டோடது, பாதி அரையாம விட்டதோடது. டார்க்குக்கு நேர் எதிர், கொட்டை பொருபொருன்னு இருக்கும், கொதிக்க கொதிக்க ஊத்தினா தேவையில்லாத கசப்பும் சேர்ந்து இறங்கும், கொதிச்சதும் அடுப்பை அணைச்சு அரை நிமிஷம் விட்டு ஊத்தினா போதும்.

கையில இருக்கற பாக்கெட்டை என்ன பண்றது? மிக்ஸியில சின்ன ஜார்ல போட்டு விட்டு விட்டு ஒரு சுத்து, ரெண்டு சுத்து விடுங்க, சூடேற விடாதீங்க. ஃபில்டரை வெந்நீர்ல ஒரு தடவை அலசி சூடாக்கிட்டு, 3 ஸ்பூனுக்கு பதில் 4 ஸ்பூன் குவிச்சு போட்டு, குடையால லேசா அமுக்கி, முதல்ல பொடி நனையற அளவு மட்டும் கொதிக்கற தண்ணி ஊத்தி அரை நிமிஷம் விடுங்க. புது பொடின்னா நுரைச்சு பொங்கும், வறுக்கும்போது உள்ள மாட்டிக்கிட்ட கேஸ் அது, அது போனாதான் தண்ணி உள்ள இறங்கும். பொங்கவே இல்லைன்னா மட்டும் பழசோன்னு சந்தேகப்படுங்க. அப்புறம் மிச்ச தண்ணியை ஊத்தி மூடிடுங்க, 15, 20 நிமிஷம் இறங்கணும். அந்த டிகாக்ஷன்ல ரெண்டு ஸ்பூன் எடுத்து வெந்நீர் கலந்து, பால் இல்லாம, ஒரே ஒரு வாய் குடிச்சு பாருங்க, குடுத்த காசு எதுக்குன்னு தெரியும். பாலோடதான் வேணும்னா உங்க பழைய கடையில ரொபஸ்டா பீபெரி (பழத்துக்குள்ள ரெண்டுக்கு பதில் ஒண்ணே ஒண்ணா உருண்டையா இருக்கற கொட்டை) நல்லா செவக்க வறுத்தது 100 கிராம் வாங்கி இதோட பாதிக்கு பாதி கலந்துக்கங்க. ரெண்டு வறுவல் கலக்கறது தப்பு கிடையாது, நிறைய கடையில ரகசிய பிளெண்டுங்கறதே அதுதான்.

அடுத்த தடவை வாங்கும்போது மீடியம் டார்க், பிளாண்டேஷன் ஏவும் (கழுவி காய வச்ச அராபிகாவுல பெரிய கொட்டை) பீபெரியும் கலந்து, சிக்கரி 10க்கு மேல வேணாம்னு சொல்லி வாங்குங்க. புளிப்பே ஆகாதுன்னா மான்சூன்ட் மலபார் கொஞ்சம் சேர்க்க சொல்லலாம், மேற்குக் கரையில மழைக்காத்துல ரெண்டு மூணு மாசம் பரப்பி வச்சு உப்ப விடற கொட்டை, புளிப்பு தானா அடங்கிடும். எதுவானாலும் 200 கிராமுக்கு மேல ஒரே நேரத்துல அரைச்சு வாங்காதீங்க, அதுவும் எண்ணெய் மினுங்கற டார்க்னா சிக்கு வாசனை சீக்கிரம் வந்துடும். முதல் டம்ளரை மாமியாருக்கே குடுங்க, எதைப் போட்டிருக்கீங்கன்னு மட்டும் முன்னாடி சொல்லிடாதீங்க.