வாசகர் கேள்வி – பதில்: முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய மௌனம்

கேள்வி: ஓர் அரசியல் கட்சியின் மாவட்ட அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்குக் கணினி வேலை பார்த்தேன். பொறுப்பாளர் ஒருவர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதால் இரண்டு மாதங்களுக்கு முன் விலகினேன். பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்குமுன், ‘அலுவலகத்தில் கண்டது, கேட்டது எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன், சொன்னால் ஐந்து லட்சம் ரூபாய் கட்டுவேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இனி நான் வாய் திறக்கவே கூடாதா? கட்சிகள் இப்படி எழுதி வாங்குவதைத் தடை செய்ய முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உரிய இடத்தில் நீங்கள் தாராளமாகப் பேசலாம், சகோதரி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பொதுநலனுக்கு எதிரான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கொள்ளையடித்தவர் பொருளின் மதிப்பைத் திருப்பித் தருவதாகவும், அதற்கு ஈடாக மற்றவர் வழக்கைக் கைவிடுவதாகவும் செய்துகொள்ளும் உடன்பாடு செல்லாது என்று அச்சட்டமே எடுத்துக்காட்டும் தருகிறது. குற்றத்தைக் காவல் நிலையத்தில் சொல்லவிடாமல் தடுக்க வாங்கிய கையெழுத்தும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

செல்லாத தாளுக்கு எதற்குத் தடை என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தாள் நீதிமன்றம் வரை போகவேண்டிய தேவையே இல்லை. ஐந்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டார் ‘நமக்கெதற்கம்மா, விட்டுவிடு’ என்று சொன்னாலே அது வந்த வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே, எழுதிய பிறகு செல்லாது என்று அறிவிப்பது போதாது, குற்றத்தை மறைக்க எழுதி வாங்குவதையே தடை செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அயர்லாந்து 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, பணியிடத் துன்புறுத்தல், பாகுபாடு ஆகியவற்றை மறைக்கும் ஒப்பந்தங்கள், பாதிக்கப்பட்ட ஊழியரே வேண்டிக் கேட்டு, தனிப்பட்ட சட்ட ஆலோசனையும் பெற்றிருந்தாலன்றிச் செல்லாதவையாகும்.

கட்சி அலுவலகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. அரசியல் கட்சிக்கும் அதன் உறுப்பினருக்கும் முதலாளி – தொழிலாளி உறவு இல்லையென்பதால் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு அமைக்கும் கடமை கட்சிகளுக்கு இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. புகார் சொல்ல உள்ளே குழுவும் இல்லை, வெளியே சொல்ல வாயும் இல்லை என்றால் அங்கு உழைக்கும் பெண் எங்கே போவாள்? நீங்களோ சம்பளம் பெற்ற ஊழியர். பணியிடப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து பெண்களைக் காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. அச்சட்டப்படி மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம், கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரின் விவரங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட வேண்டாம், அதை அச்சட்டமே தடுக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதால், இந்த வாரமே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்று அந்தத் தாளின் நகலைக் காட்டுங்கள்.

கேள்வி: தேர்தல் வியூகமும் வேட்பாளர் பட்டியலும் முன்கூட்டியே வெளியே போனால் கட்சி நடத்த முடியுமா? இப்படி மௌனம் காக்க எழுதி வாங்குவதற்கு முழுத் தடை நியாயமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முழுத் தடையை நானும் கேட்கவில்லை. வியூகத்தையும் தொண்டர்களின் கைபேசி எண்களையும் காப்பது நியாயம். குற்றத்தையும் கள்ளக் கணக்கையும் அதே பூட்டுக்குள் வைப்பதுதான் அநியாயம். டிரம்ப்பின் 2016 தேர்தல் பிரசாரக் குழு ஊழியர்களிடம் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தை, எதைச் சொல்லக் கூடாது, எத்தனை காலத்துக்கு என்ற வரையறையே இல்லையென்று கூறி நியூயார்க் நீதிமன்றம் 2021இல் செல்லாததாக்கியது. வரம்பு எங்கே என்பதற்கு அத்தீர்ப்பு நல்ல அளவுகோல்.

நம் நாட்டில் இதற்கு உரிய இடம், கட்சிகளின் பதிவை முறைப்படுத்தும் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு. அரசியலமைப்புக்கும் ஜனநாயகத்துக்கும் கட்டுப்படுவதாக எழுதித் தந்துதான் ஒவ்வொரு கட்சியும் அதன்கீழ்ப் பதிவாகிறது. குற்றத்தை மறைக்க எவரிடமும் எழுதி வாங்குவதில்லை என்ற உறுதிமொழியையும் அதில் சேர்க்கலாம். ஆனால் வெறும் உறுதிமொழி பயன்தராது. ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013இல் ஆணையிட்டும் அவை பணியவில்லை. பதிவின்போது எழுதித் தந்த உறுதிமொழியைக் கட்சி மீறினாலும், ஒருசில விதிவிலக்குகள் தவிர, பதிவை நீக்கத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே மீறினால் என்ன தண்டனை என்பதையும் நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதியாக வேண்டும். புதுச்சேரியின் மக்களவை உறுப்பினர் ஒருவரே என்றாலும், அவரிடம் இதைக் கேட்டு மனு எழுத உங்களுக்கு உரிமையுண்டு.