கருப்பைவாய்ப் பரிசோதனை: கேள்வி பதில்

கே: டாக்டர், வயசு 34. எச்.பி.வி. டெஸ்ட் பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல். எனக்குப் புற்றுநோயா?

ப: இல்லை. எச்.பி.வி. டெஸ்ட், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். செல்கள் கெட்டிருக்கிறதா என்று பார்க்காது; அதைப் பார்ப்பது கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுக்கும் பாப் ஸ்மியர். பத்துத் தொற்றில் ஏறக்குறைய ஒன்பதை உடம்பே இரண்டு வருடத்துக்குள் அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிடும் தொற்றுதான் ஆபத்து. அதுவும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும்.

ரிப்போர்ட்டில் வைரஸின் வகை எண் இருக்கிறதா என்று பாருங்கள். 16 அல்லது 18 என்றால் பாப் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி (கருப்பைவாயை உருப்பெருக்கும் கருவியால் பார்ப்பது) செய்தாக வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டால் வருவது. வேறு உயர் ஆபத்து வகை என்றால் 12 மாதத்தில் மறுபடி டெஸ்ட். அப்போதும் பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி. பாப் நார்மல் என்ற நிம்மதியில் அந்த 12 மாதக் கெடுவை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். தேதியை இன்றே குறித்து வையுங்கள்.

கே: உறவுக்குப் பிறகு லேசா ரத்தம் படுது. ஆறு மாசம் முன்னாடி எடுத்த பாப் நார்மல். அடுத்தது எப்போ எடுக்கணும்?

ப: பாப்புக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே நேரில் காட்டுங்கள். ஸ்கிரீனிங் என்ற முன்கூட்டிய பரிசோதனை தொந்தரவு இல்லாதவர்களுக்கானது. ரத்தம் பட்டால் ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி, அதாவது சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது. புண் இருக்கும் இடத்தில் எடுத்த ஸ்மியரில் ரத்தமும் சீழும் மட்டும் வந்து, கெட்ட செல் கண்ணில் படாமல் போகலாம்.

கே: நான் நர்ஸ். எடுக்கிற ஸ்லைடு அடிக்கடி ‘போதாது’ன்னு திரும்பி வருது. எங்கே தப்பு?

ப: நல்ல கேள்வி. பெரும்பாலும் தப்பு கடைசி சில நொடிகளில் நடக்கிறது. ஸ்லைடில் தடவியதும் உடனே 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். லேபிள் எழுதிவிட்டுப் போடலாம் என்று மேஜையில் வைத்தால் காய்ந்துவிடும். காய்ந்த செல் உப்பி, உட்கரு பெரிதாகி வெளிறிப்போகும். பரிசோதனைக் கூடத்தில் எதையும் தீர்மானிக்க முடியாது. ஆகவே பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, எடுக்கும் இடம். ஸ்பாட்டுலாவின் நீண்ட நுனி கருப்பைவாய்த் துவாரத்தில் நிற்க, அழுத்தம் விடாமல் 360 டிகிரி சுற்றுங்கள். பிரஷ்ஷைக் கால் அல்லது அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், ரத்தம் வந்து செல்களை மறைத்துவிடும். ஸ்பெகுலத்தை ஜெல்லி தடவாமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்து வையுங்கள். வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்: மாதவிடாய் நாட்கள் வேண்டாம், முந்தைய 48 மணி நேரம் உறவோ உள்ளே வைக்கும் மருந்தோ கூடாது.

கே: பாசிட்டிவ் வந்திருக்கு. புற்றுநோயா டாக்டர்?

ப: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கே: கல்யாணமாகி 12 வருஷம். இப்போ பாசிட்டிவ். வீட்டுக்காரர் சந்தேகப்படறார். எப்போ தொத்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

ப: முடியாது. தேதி சொல்லும் டெஸ்ட் எதுவும் இல்லை. உங்களிடமிருந்தா அவரிடமிருந்தா என்றும் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவருக்கு இருந்திருக்கலாம்.

கே: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். 12 வருஷமா ஒளிஞ்சிருக்கும்னு சொல்றது சப்பைக்கட்டு மாதிரி இருக்கே?

ப: சப்பைக்கட்டு இல்லை. வைரஸ் தோல்படலத்தின் அடியடுக்குச் செல்களில் தங்கும். அங்கே அதன் எண்ணிக்கை டெஸ்ட்டில் அகப்படாத அளவுக்குக் குறைவாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி தளரும்போது மறுபடி பெருகி, நெகட்டிவ் பாசிட்டிவாக மாறும். இந்த ரிப்போர்ட்டைச் சாட்சியாக வைத்து ஒரு பெண்ணை விசாரிப்பது மருத்துவப்படி தவறு.

கே: அப்போ வீட்டில் சொல்லாமலே மறைச்சிடலாமா?

ப: சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் மறைப்பதற்காக மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அவரை அழைத்து வந்தால் மருத்துவரே விளக்குவார். உறவில் இருக்கும் யாருக்கும் இது ஒரு கட்டத்தில் தொற்றக்கூடியது. ஆணுறையும் அபாயத்தைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது.

கே: யாருக்கு ஆபத்து அதிகம்? மாத்திரை சாப்பிடறேன், பயமா இருக்கு.

ப: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆறு மடங்கு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு 25 வயதிலிருந்தும் மற்றவர்களுக்கு 30 வயதிலிருந்தும் பரிசோதனை சொல்கிறது. உறுப்பு மாற்றுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். புகையிலையின் நச்சு கருப்பைவாய்ச் சளியிலேயே காணப்படுகிறது. கர்ப்பத்தடை மாத்திரையை 5 வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் அபாயம் கொஞ்சம் கூடும், நிறுத்திய பின் குறைந்துவிடும். பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம், பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

கே: வயசு 21, எச்.பி.வி. டெஸ்ட் எடுக்கலாமா?

ப: வேண்டாம். இந்த வயதில் தானே போகிற தொற்றுதான் அகப்படும். தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

கே: பாசிட்டிவ் வந்த பிறகு தடுப்பூசி போட்டா வைரஸ் போயிடுமா?

ப: போகாது. ஏற்கெனவே இருப்பதை அது குணப்படுத்தாது.

கே: கருப்பையை எடுத்தாச்சு. இனி டெஸ்ட் வேண்டாமா?

ப: கருப்பைவாயையும் சேர்த்து எடுத்தார்களா? டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். வாய் மிச்சமிருந்தால் தொடர வேண்டும். முழுதாக எடுத்து, முன்பு செல் மாற்றம் எதுவும் இல்லை என்றால் தேவையில்லை.

கே: மார்பில் கட்டி மாதிரி...

ப: அது என் துறை இல்லை. மார்பக மருத்துவரை உடனே பாருங்கள்.

கே: அம்மாவுக்கு 58. பீரியட்ஸ் நின்னு ஆறு வருஷம். திடீர்னு ரெண்டு நாள் ரத்தம், அப்புறம் நின்னுடுச்சு. ஸ்கிரீனிங் கேம்ப் வரைக்கும் காத்திருக்கலாமா?

ப: காத்திருக்காதீர்கள். மேலே சொன்னதுதான், ரத்தம் பட்டால் ஸ்கிரீனிங் இல்லை. நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும், கருப்பையின் உள்சவ்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளைக்கே அழைத்துப் போங்கள்.