தன்னார்வலருக்கு இழப்பீடு கிடையாதா?

கேள்வி: என் கணவர் தையல்காரர். ஊர்க்காவல் படையிலும் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக இரவுப் பந்தோபஸ்தில் நின்றபோது வேன் மோதி வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. நான்கு மாதமாக மிஷினில் உட்கார முடியவில்லை. “தன்னார்வலர்தானே, ஒன்றும் வராது” என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அவர் அரசு ஊழியர் இல்லை என்பது உண்மைதான். 2015-ல் உச்ச நீதிமன்றமே ஊர்க்காவல் படையினரைப் பணி நிரந்தரம் செய்ய மறுத்து, படியை மட்டும் உயர்த்தச் சொன்னது. ஆனால் ஒன்றும் வராது என்று உங்களிடம் சொன்னவர் வேனை மறந்துவிட்டார். அதன் இன்சூரன்ஸ் நிறுவனம், அடிபட்டவர் சம்பளக்காரரா தொண்டரா என்று கேட்டு நழுவ முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி உங்கள் மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். நான்கு மாதம் போய்விட்டது. இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கையில் வண்டி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், பலத்த காயத்துக்கு அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாயோடு சரி.

ஊர்க்காவல் படைப் படியை வைத்து வருமானத்தைக் கணக்கிட விடாதீர்கள். அவர் பிழைப்பு தையல். அளவு எழுதிய நோட்டு, நூல் கடை பில், வாடகை ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். காலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அதனால் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பது வேறு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மிஷின் மிதிக்கிற கால் அது என்பதை வக்கீலிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அரசிடம் கருணைத் தொகை கேட்டு, ஊர்க்காவல் படையின் வட்டாரத் தளபதி வழியாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தனியாக மனுக் கொடுங்கள். பணியில் இருந்தார் என்பதற்கு அன்றைய பந்தோபஸ்து உத்தரவின் நகல் வேண்டும். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாங்கிப் படியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், பதற்றத்தில் “பைக்கிலிருந்து விழுந்தார்” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வரியோடு அவர் இரண்டு வருடம் மல்லுக்கட்டினார்.

வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு எலும்பு முறிவுக்கு உதவாது. கண், கை, கால் நிரந்தரமாகச் செயலிழந்தால்தான் அதில் பணம். அதற்காக இப்போது அலைய வேண்டாம்.